தவணை நாளும் கூலி நாளும்

வைகையின் இரு கரைகளிலும் எதிரெதிராக அமைந்திருக்கும் பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும், தறியோசை இன்னும் கேட்கிற வீடுகளில், பணம் வருவதற்கு ஒரு கணக்கும் பணம் போவதற்கு வேறொரு கணக்கும் உண்டு. பாவு ஏற்றி, அந்தப் பாவிலுள்ள சேலைகளையெல்லாம் நெய்து முடித்து, சங்கத்திலோ முதலாளியிடமோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கூலி கைக்கு வருகிறது. அது எந்தக் கிழமையில் வரும் என்பதை நூல் வரத்தும், மழை ஈரமும், வீட்டில் யாருக்கேனும் வருகிற காய்ச்சலும் நிர்ணயிக்கின்றன. சுற்றுப்புறக் கிராமங்களில் முண்டு மிளகாய் பயிரிடுகிறவர்களுக்கோ, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசித்தமான பயிர், பழம் பறித்துக் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுவரும் சில மாதங்களில் மட்டுமே காசு காட்டுகிறது. ஆனால் குழுக்கடனின் தவணை குறித்த கிழமையில் வருகிறது. நகைக்கடனின் கெடு குறித்த தேதியில் வருகிறது. தண்டல்காரர் தினந்தோறும் வருகிறார். வருமானம் தன் போக்கில் வர, தவணை மட்டும் கடிகாரம் பார்த்து வருகிற இந்த ஊரில், நல்ல ஞாபக சக்தியும் கணக்குப் புத்தியும் உள்ளவர்களே திணறும்போது, காலத்தையும் தேதியையும் மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும் சக்தியே பிறவியில் வேறு விதமாக அமைந்த ஒரு தகப்பனாரோ தாயாரோ என்ன பாடுபடுவார் என்பதை நாம் போதிய சிரத்தையோடு எண்ணிப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். தறியில் உட்கார்ந்தால் பசி தெரியாமல் பொழுது சாயும்வரை நெய்து, பிறருக்குக் கைவராத கரை வேலையைக்கூடப் பிசகின்றி முடிக்கிற ஒருவர், செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய குழுப்பணத்தைப் புதன்கிழமை காலையில்தான் நினைத்துக்கொள்கிறார். பணம் இல்லாததால் அல்ல. சில சமயம் பணம் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய தொகையின் ரசீதை எங்கோ வைத்துவிட்டு மறுபடியும் அலைகிறார். வீட்டில் இருப்பது தெரியாமல் ஒரே சாமானை இரண்டு முறை வாங்குகிறார். வங்கியிலிருந்து வந்த தபாலைப் பிரிக்க அஞ்சி மேஜைக்கடியில் தள்ளிவிடுகிறார். ஊரார் இவரைப் பொறுப்பில்லாதவர் என்கிறார்கள். ‘நாளைக்குக் கட்டிடுறேன்க்கா’ என்று இவர் குழுத் தலைவியிடம் சொல்லும்போது அதில் எள்ளளவும் வஞ்சகம் இல்லை என்பதும், அந்த நாளை என்பது வேறு பத்துக் காரியங்களுக்கிடையில் மெய்யாகவே காணாமற் போய்விடுகிறது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை.

வைத்திய சாஸ்திரம் இந்த நிலைக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயரிட்டிருக்கிறது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தி நன்றாக இருந்தும் கவனத்தையும் செய்கையையும் அடக்கியாள முடியாத குழந்தைகளைப் பற்றி உபந்நியாசங்கள் செய்தார். நெடுங்காலம் இது குழந்தைப் பிராயத்தோடு தீர்ந்துவிடுவதாகவே எண்ணப்பட்டது. பெரியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது நீடிக்கிறது என்பது பின்னால்தான் அங்கீகரிக்கப்பட்டது. கவனம் இல்லாமை என்று இதைச் சொல்வது முழு உண்மையன்று. மனத்துக்குப் பிடித்த வேலையில் கவனம் அளவுக்கு மீறிக் குவிகிறது. பிடிக்காததும் தூரத்தில் இருப்பதுமான வேலைக்கு அதைத் திருப்ப முடிவதில்லை. கெடு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதென்றால், அந்த மூன்று வாரமும் மூன்று வருஷமும் இவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்; இன்றைக்கு என்ற ஒன்றும் பிறகு என்ற ஒன்றுமே காலத்தின் இரண்டு பகுதிகளாகத் தோன்றுகின்றன. கடன் என்பதோ முழுக்க முழுக்கப் ‘பிறகு’ என்ற பகுதியைச் சேர்ந்த விஷயம்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சங்கடம் வேறு வகையில் நேர்கிறது. வட்டிக் கணக்கை நுணுக்கமாகப் போடத் தெரிந்தவர், வங்கி அதிகாரியிடம் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுவதற்கு அஞ்சி, அவகாசம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சலுகையை இழக்கிறார். டிஸ்கால்குலியா உள்ளவருக்கு எண்களே பிடிபடுவதில்லை; ‘அஞ்சு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 60 சதவீதம் என்பது அவருக்குத் தானாக விளங்காது. இவை பெரும்பாலும் பரம்பரையாக வருகின்றன. ஏ.டி.எச்.டி. விஷயத்தில், இரட்டையரை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் மரபின் பங்கு நூற்றில் எழுபதுக்கும் மேல் என்று காட்டியிருக்கின்றன. ஆகையால், பள்ளிக்கூடத்தில் உட்காராத பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துப்போன இடத்தில், அவர் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் தன்னையே குறித்ததாக இருப்பதைக் கண்டு திகைக்கிற பெற்றோர் பலர் உண்டு. தாய்மாரிடம் இது இன்னும் தாமதமாகவே தெரிகிறது. சின்ன வயதில் ஓடியாடித் திரியாமல் ஜன்னலோரம் கனவு கண்டிருந்த பெண்ணை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்; கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, வீட்டுக் கணக்கு முழுவதும் தலையில் விழுந்த பிறகுதான் அவள் சுமை தாங்காமல் ஒடிகிறாள்.

இது வெறும் அபிப்பிராயமல்ல என்பதற்கு ஒரு நல்ல பிரமாணம் சுவீடன் தேசத்திலிருந்து கிடைத்திருக்கிறது. அந்நாட்டு ஜனத்தொகை முழுவதின் மனநலப் பதிவுகளையும், 1,89,267 பேரின் கடன் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, 2020-இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ என்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் வாலிபத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவேதான் கடன் வாங்குகிறார்கள், மற்றவர்களைப் போலவேதான் திருப்பிக் கட்டுகிறார்கள். நடுவயதை எட்டும்போது நிலைமை தலைகீழாகிறது: தவணை தவறுவது மளமளவென்று பெருகி, கடன் தேவை அதிகமாக இருக்கும்போதே கடன் கிடைக்கும் வழிகள் அடைபடுகின்றன. கல்வியையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இதே முடிவுதான் வந்தது. ஏன் நடுவயதில் என்று அந்த எண்களைக்கொண்டு மட்டும் சொல்ல இயலாது. என் ஊகம், அது பிள்ளைகுட்டிகள் வளர்ந்து, ஒரு தலைக்குள் நாலு பேருடைய தேதிகளைச் சுமக்கவேண்டிய பிராயம் என்பதுதான்.

அந்த ஆராய்ச்சியில் இரண்டு செய்திகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒன்று, பணமுடை சேரும்போது இவர்களிடையே தற்கொலை அபாயம் நான்கு மடங்காகிறது என்பது. கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதைக் கண்ட தமிழ்நாட்டுக்கு, கடனும் உயிரும் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதை விளக்கவேண்டியதில்லை. மற்றொன்று, இதற்கென்று கொடுக்கப்படும் மருந்து, பண விவகாரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்பது. மருந்து பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பலருக்கு அது வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆனால் மாத்திரை ஒருவருக்குக் கவனத்தைத் தரலாமே தவிர, அவருடைய தவணைத் தேதியை மாற்றித் தராது. கடனைத் தீர்க்கும் வேலையில் பெரும்பகுதி மனிதனுக்கு வெளியே, அவனைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில் இருக்கிறது. நான் வற்புறுத்த விரும்புவதும் இதைத்தான்.

நம்முடைய ஜில்லா மனத்தின் வேறுபாடுகளை எப்படி நடத்தியிருக்கிறது என்பதற்கு ஏர்வாடி ஒரு சாட்சி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியுமுன் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். ஏ.டி.எச்.டி.யும் ஆட்டிசமும் மனநோய்கள் அல்ல. அவை மூளை அமைந்த விதம். இருந்தும், மனம் சம்பந்தப்பட்ட எதையும் வெளியே சொன்னால் குடும்ப கௌரவம் போய்விடும் என்ற பயம் மனநோய்க்கும் இவற்றுக்கும் பொதுவாக இருப்பதால்தான், தவணை தவறியவர் ‘எனக்கு ஞாபகம் நிற்பதில்லை’ என்ற உண்மையைச் சொல்வதைவிட, இல்லாத ஒரு சாவுச் செலவைக் காரணம் காட்டுவது மேல் என்று நினைக்கிறார்.

இப்போது, இப்படியொரு வீட்டில் கடன் எப்படிப் பெருகுகிறதென்று பார்ப்போம். ஆடம்பரத்தால் அது பெருகுவது அபூர்வம். நகைக்கடனுக்கு வருஷக் கெடு முடிகிறது. வட்டியைக் கட்டிப் புதுப்பித்திருந்தால் நகை தப்பியிருக்கும். தேதி மறந்துபோய் ஏல அறிவிப்பு வந்த பிறகு, நகையை மீட்க அவசரமாகத் தண்டல் வாங்குகிறார்கள். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால், 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது ஒரு வழக்கம். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கையில் சராசரியாக நிற்பது அந்த ஒன்பதாயிரத்தில் பாதிதான். கணக்குப் போட்டால் வருஷ வட்டி ஏறத்தாழ 80 சதவீதமாகிறது. நகைக்கடனின் வட்டியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. ஒரு தேதியை மறந்ததற்காக ஒரு குடும்பம் செலுத்துகிற அபராதம் இவ்வளவு.

தண்டலைப் பற்றி ஒன்று சொல்லலாம்: ஆள் நேரில் வருவதால் அது மறப்பதில்லை. இந்தக் குடும்பங்கள் மலிவான வங்கிக் கடனில் தவணை தவறி, கொடிய வட்டிக்காரரிடம் மட்டும் ஒழுங்காகக் கட்டுவதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. வங்கி நேரில் வந்து நினைவூட்டுவதில்லை, தண்டல்காரர் நினைவூட்டுகிறார். இதே காரணத்தால் மகளிர் குழுவின் வாராந்தரக் கூட்டமும் இவர்களுக்கு ஒரு விதத்தில் மிகவும் அனுகூலமானது: குறித்த நேரம், குறித்த திண்ணை, பக்கத்தில் பத்துப் பேர். அதே கூட்டத்தில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகக்கூடாதென்று உட்காரவைக்கிற பழக்கம் நுழையும்போது, அந்த அனுகூலமெல்லாம் அவமானமாக மாறி, அடுத்த வாரம் அவள் ஒளிந்துகொள்கிறாள்.

தீர்க்கும் உபாயம் என்ன? முதற்காரியம், கடன் முழுவதையும் தலைக்குள்ளிருந்து ஒரு தாளுக்கு இறக்குவது. நம் ஜனங்களுக்கு இது புதிதல்ல. இருபது வருஷத்துக்கு முன் யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்பதை எந்தக் குடும்பமும் ஞாபகத்தை நம்பி விட்டதில்லை. அதற்கென்று நோட்டு வைத்திருக்கிறார்கள், வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். கடனுக்கும் அப்படியே செய்யவேண்டும். வங்கி, சங்கம், குழு, அடகுக் கடை, தண்டல், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று வரையில், பாக்கி, வட்டி, கெடு ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதவேண்டும். இதைத் தனியாகச் செய்யச் சொன்னால் செய்யமாட்டார்கள். எழுதாமல் விட்டதால்தானே இந்த நிலை வந்தது. பேசாமல் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும், வேலை நடந்துவிடும். அந்த ஒருவர் வசை பாடாதவராக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எதை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. வட்டி மிகுந்ததை முதலில் அடை என்பது கணக்கு; தொகை சிறியதை முதலில் முடி, உற்சாகம் வரும் என்பது மனோதத்துவம். பலன் உடனே கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோர்ந்துவிடுகிற சுபாவத்துக்கு இரண்டாவதே பொருந்தும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பரமக்குடியில் இந்தத் தகராறுக்குப் பெரும்பாலும் இடமில்லை என்பது என் அபிப்பிராயம். இங்கே தொகை சிறியதும் வட்டி கொடியதும் ஒன்றாகவே, தண்டலாகவும் மீட்டர் வட்டியாகவும், இருக்கிறது. அதை முதலில் தொலைக்கவேண்டும். அதற்கடுத்தது ஏலத்தை நெருங்கும் நகை. தறிக்கும் நூலுக்கும் தனியாரிடம் வாங்கிய கடன் இருந்தால், மத்திய சர்க்காரின் வட்டி மானியத்தோடு 6 சதவீதத்தில் நெசவாளருக்கு வங்கி தரும் கடனைக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகம் மூலமாகக் கேட்டுப் பார்க்கலாம். உறவினர் கைமாற்றைப் பின்னுக்குத் தள்ளலாம். ஆனால் அவரிடம் நேரில் போய்த் தேதி சொல்லிவிட வேண்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகவே பிடித்தமாகும்படி செய்துவிடுங்கள் என்பது மாதச் சம்பளக்காரருக்கு உத்தமமான யோசனை. மறதிக்கு அதைப் போன்ற மருந்து இல்லை. தறிக்கூலிக்காரருக்கு அது அபாயமாகவும் முடியலாம். கூலி வரத் தாமதமாகி, கணக்கில் பணமில்லாத நாளில் பிடித்தம் வந்தால், வங்கியும் கடன் கொடுத்தவரும் தனித்தனியே அபராதம் போடுகிறார்கள். ஆகவே கூலி வாங்கிய அன்றே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே, தவணைக்கு உரியதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுப் போவதென்ற ஒரே பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது மேல். கைபேசியில் நிமிஷத்தில் கடன் தருகிற செயலிகளை அழித்துவிட வேண்டும். தெரியாமல் எடுத்துவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது மனம் மாற அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டியையும் திருப்பிவிட்டால் அபராதம் கிடையாது. அவசரப்பட்டுக் கையெழுத்திட்டு மறுநாள் வருந்துகிற சுபாவத்துக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

சட்டம் தருகிற பாதுகாப்புகளையும் தெரிந்துகொள்வது அவசியம். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் நுண்கடனில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது; முன்னதாக அடைத்தால் அபராதம் கூடாது; காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. நகைக்கடனை முழுதும் அடைத்த பிறகு ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டுமென்று 2025-இல் வெளியான விதிகள் கூறுகின்றன. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெண்களுக்கும் ஊனமுற்றோருக்கும், வருமானம் எதுவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் உதவி தரும். அதன் எண் 15100. வங்கிகளின் மேல் புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448. இரவில் மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாமென்று தோன்றினால் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய குறை இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அவற்றில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா முதலிய கற்றல் குறைபாடுகளும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. அங்கீகாரம் உள்ளவர்களுக்குங்கூடத் தவணையில் அவகாசம் தரும் ஏற்பாடு எதையும் அந்தச் சட்டம் செய்யவில்லை. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், கடனில் மூழ்கியவர் ஓர் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், அறுபது நாட்களுக்கு வட்டியும் அபராதமும் வசூல் நடவடிக்கையும் நிறுத்திவைக்கப்படுகின்றன. மனநெருக்கடியில் சிகிச்சை பெறுபவருக்கு அந்தச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், அதற்குப் பின் முப்பது நாளும் இந்த அவகாசம் உண்டு. யாருடைய கடனும் இதில் தள்ளுபடியாவதில்லை. மூச்சுவிட்டு, தாளை எடுத்து, கணக்கை எழுத நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் இது செய்யக்கூடிய காரியமே.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டாத காரியம் ஒன்று உண்டு. பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கங்களையும், மகளிர் குழுக்களையும், வங்கிக் கிளைகளையும் நடத்துகிற பெரியோர்களையும் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தவணை தவறிய ஒருவர் உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவர் எப்போது கூலி வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள், அவருடைய தவணை நாளைக் கூலி நாளுக்கு மறுநாளாக மாற்றி எழுதுங்கள், முதல்நாள் மாலையில் ஒரு பிள்ளையை அனுப்பியாவது, தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியாவது, பத்துப் பேர் நடுவில் அல்லாமல் அவரிடம் மட்டும் ஞாபகப்படுத்துங்கள். உங்கள் பணமும் திரும்பி வரும்.